புனைபெயரில் எழுதியும் கண்டுபிடித்துவிட்டார்கள்: இனி என்ன செய்வது?

பகுதி: சட்டமும் சமூகமும்

கரும்பனை (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் [ஊர்ப்பெயர் நீக்கப்பட்டது – நெறியாளர்] எங்கள் ஊர். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், துணிமணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோவை என்று வாழ்கிறவர்கள்.

என் அக்கா பல ஆண்டுகள் ஓர் ஆன்மிக அமைப்பில் இருந்தார். எந்த மதம், என்ன பெயர் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அங்கே சேருகிற ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையில் செய்த தவறுகளைக் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கு தர வேண்டும். யாரோடு பேசலாம், பெண்ணை எங்கே கட்டிக்கொடுக்கலாம் என்பதுவரை அவர்கள் சொல்வதுதான். அக்கா வெளியே வந்த பிறகு முகநூலில் வேறு பெயரில், படமில்லாமல், சில பதிவுகள் எழுதினார். அமைப்பின் பெயர்கூட அவற்றில் இல்லை.

ஒரு நாள் மாலை அங்கிருந்து ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். பதிவுகளை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரே ஒரு வரியின் கீழ் மட்டும் பச்சை மையில் கோடு. அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைகள் இரவோடு இரவாக எந்த வண்டியில் ஏறின என்று அக்கா எழுதிய வரி அது. “அன்றைக்கு அடுக்களையில் இருந்தது மூன்று பேர் அம்மா. மற்ற இருவரும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள்” என்றார். கொடுத்த காபியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அக்கா மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் “ஜாதகம் சரியில்லை” என்று நின்றுபோனது. போன வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு: “உங்கள் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன, கவலைப்படாதீர்கள்.”

பதிவுகளை அழித்துவிடலாமா? போலீசுக்குப் போகலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர்

ஊர்ப்பெயரை நீக்கியிருக்கிறேன். “கொழிஞ்சாம்பாறைப் பக்கமா, வேலந்தாவளமா, மீனாட்சிபுரமா” என்று ஊகித்துக் கேட்கும் பதிவுகளும், அமைப்பு எது என்று துப்பறியும் பதிவுகளும் உடனே நீக்கப்படும். ஆர்வம் புரிகிறது. அந்த ஆர்வத்தால் அடிபடப்போவது இன்னொருவர் வீட்டுப் பெண்.

தறிக்காரன்

எங்கள் ஆந்திரப் பக்கத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது. நான் அந்த மாவட்டத்தைப் பார்த்துப் பழகியவன், நகரிப் பக்கம். கதை மட்டும் ஒன்றுதான்.

இங்கே தறிக்கு நூலும் பாவும் (நீளவாட்டு நூல்) கொடுப்பவர் ஒரு குழுவைச் சேர்ந்தவராக இருந்தால், அந்தக் குழுவைப் பற்றித் தறிக்காரன் வாய் திறக்க முடியாது. மிரட்டவே வேண்டாம். “இந்த வாரம் பாவு இல்லை” என்று ஒரு சொல் போதும். அடுத்த வாரமும் அதே பதில். முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கேட்பார்கள். எந்தக் காவல் நிலையத்தில் போய் “எனக்குப் பாவு கொடுக்கவில்லை” என்று எழுதிக் கொடுப்பது?

கரும்பனை, உங்கள் அக்காவின் கணக்கை யாரும் திருடவில்லை, கடவுச்சொல்லை உடைக்கவில்லை. பச்சை மை போட்டவருக்கு நினைவாற்றல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பெயரை மறைப்பவர்கள் சம்பவத்தை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சிறிய ஊரில் சம்பவம்தான் பெயர்.

ஈயப்பற்று

பொள்ளாச்சியில் செல்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தறிக்காரன் அண்ணன் சொன்னது பாதி. மீதிப் பாதி என் மேசைக்கு தினமும் வருகிறது.

முதலில் அக்காவின் செல்பேசியை யார் “செட்” செய்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். இத்தகைய அமைப்புகளில் உதவும் மனமுள்ள தம்பிமார் நிறைய உண்டு. பெரியவர்களுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுப்பார்கள். மீட்பு மின்னஞ்சலாகத் தங்களுடையதையே போட்டுவிடுவார்கள். கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் சாவி அந்தத் தம்பியிடம் இருக்கும். கூகுள் கணக்கில் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் இரண்டையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தில் தெரியாத கணினி ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். ஆனால் அதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு தேவைப்படும்.

எண்தான் பெரிய ஓட்டை. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். அதை ட்ரூகாலரில் போட்டால், ஊரார் உங்களை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறார்களோ அந்தப் பெயர் வந்து நிற்கும். “டெய்லர் அக்கா” என்றுகூட வரும். அதே எண்ணுக்கு யுபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பப் போனால் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரைக் காட்டும். பணம் அனுப்பவே தேவையில்லை, பெயரைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். முகநூலோ, உங்கள் எண்ணைத் தன் செல்பேசியில் வைத்திருப்பவருக்கு “இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்” என்று அந்தப் புனைபெயர்க் கணக்கையே நீட்டக்கூடும்.

படங்களில் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது பெரும்பாலும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். பிடிஎஃப் கோப்பில் கணினிக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்கலாம். கூகுள் வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிறவர்கள், அதே கணக்கில் பிள்ளையின் பள்ளிக்கும் பக்கத்து மளிகைக் கடைக்கும் மதிப்புரை எழுதியிருப்பார்கள். மூன்று மதிப்புரைகளைச் சேர்த்துப் பார்த்தால் வீடு எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று. 2017 மார்ச் 16 இரவு கோவை உக்கடத்தில் ஃபாரூக் என்பவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நாத்திகக் கருத்துகளைப் பகிர்ந்ததற்காக. வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்தியவர். இரவில் தொலைபேசி அழைப்பு வந்தது, வெளியே போனார். எந்த மென்பொருளும் அந்த அழைப்பைத் தடுத்திருக்காது. வேண்டாத நேரத்தில் தெரிந்தவர் கூப்பிட்டாலும் தனியாகப் போகாதீர்கள். அக்காவுக்கு இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

சிற்றூர்ப்பிள்ளை

எல்லோரும் ஒளிந்துகொள்ளவே வழி சொல்கிறீர்கள். உண்மையைச் சொல்கிறவர் ஏன் ஒளிய வேண்டும்? சொந்தப் பெயரில் எழுதட்டும். பெயர் இல்லாத குற்றச்சாட்டை மொட்டைக் கடிதம் என்றுதான் ஊர் சொல்லும். பெயர் தெரிந்துவிட்ட பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது?

கொழிஞ்சி

பிள்ளை அவர்களே, மகளுக்கு வரன் பார்க்காத வீட்டிலிருந்து இப்படிச் சொல்வது எளிது.

நானும் ஒரு குழுவில் இருந்து வெளியே வந்தவள்தான் (இது வேறு குழு). சொந்தப் பெயரில் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று கேரளத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். கன்னியாஸ்திரீயான சிஸ்டர் லூசி களப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில், வேறொரு கன்னியாஸ்திரீ பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த பிஷப் ஃபிராங்கோ முளய்க்கலுக்கு எதிரான போராட்டத்துக்கு ஆதரவாகக் கொச்சிக்குப் போனார். 2019 ஆகஸ்டில் சபை அவரை நீக்கியது. அதே மாதம், மடத்துக்கு அவரைப் பார்க்க வந்த செய்தியாளர்கள் உள்ளே நுழையும் கண்காணிப்புக் கேமராப் பதிவை மறைமாவட்டத் தரப்புப் பாதிரியார் ஒருவரே இணையத்தில் பரப்பினார். ஒரு பெண்ணைப் பார்க்க ஆண்கள் வந்தார்கள் என்று காட்டினால் போதும், மீதியை ஊர் வாய் பார்த்துக்கொள்ளும் என்ற கணக்கு. அவர் போலீசில் புகார் கொடுத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, பிஷப் மீது புகார் கொடுத்த கன்னியாஸ்திரீயின் புகைப்படத்தை அவர் சார்ந்த சபையே செய்திக்குறிப்போடு வெளியிட்டு, அதன் மேல் வழக்குப் பதிவானது. பாலியல் வழக்கில் புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று தெரிந்தும். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் பிஷப்பை விடுதலை செய்தது. அது வேறு விஷயம். நான் சொல்வது, வெளியான பொருள்கள் எங்கே இருந்தன என்பதைத்தான். கேமரா மடத்துடையது. புகைப்படம் சபையின் கையில் இருந்தது. விமர்சித்தவர் எதையும் வெளியிடவில்லை.

கரும்பனை தம்பி, உங்கள் அக்காவிடம் இருந்து அவர்கள் எடுத்து வைத்திருப்பது அந்தத் தாள்கள். அதற்கு என் அனுபவத்தில் ஒரே மருந்து: தாளில் என்ன எழுதினார் என்பதை அக்கா முதலில் மகளிடமும் மாமாவிடமும் தானே சொல்லிவிட வேண்டும். நான் என் கணவரிடம் சொன்னபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் “இவ்வளவுதானா?” என்றார். அதற்குப் பிறகு எனக்கு வந்த அழைப்புகளை நானே ஒலிபெருக்கியில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன்.

தறிக்காரன்

தாள் விஷயத்தில் இன்னொன்று. கையெழுத்திட்ட தாளோடு, எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்களா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் பாலெட் கூப்பர் என்ற பெண் எழுத்தாளர் 1971இல் சயின்டாலஜி என்ற மத அமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவருடைய சொந்தக் கடிதத்தாளில், அவருடைய கைரேகையோடு, வெடிகுண்டு மிரட்டல் கடிதங்கள் அந்த அமைப்புக்குப் போயின. 1973இல் வழக்கு அவர் மீதே பாய்ந்தது. 1977இல் எஃப்பிஐ அந்த அமைப்பின் அலுவலகங்களைச் சோதனையிட்டு ஆவணங்களை அள்ளிய பிறகுதான், அவரைச் சிக்கவைக்கப் போட்ட திட்டமெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. நம் ஊர் ஆட்களுக்கு அவ்வளவு திறமை இல்லை என்று சிரிக்கலாம். வெற்றுத்தாளில் கடன் பத்திரம் எழுதுகிற திறமை எல்லா ஊரிலும் உண்டு.

குமாஸ்தா

வக்கீல் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வக்கீல் அல்ல. ஆகவே இதைக் கேட்டுக்கொண்டு, ஒரு வக்கீலையும் பாருங்கள்.

பதிவுகளை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வையுங்கள். முழுவதையும் தேதியோடு பதிவிறக்கி வையுங்கள். அழித்தால் நாளைக்கு “அக்கா என்ன எழுதினார்” என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் அச்சுப்பிரதி ஒன்றுதான் சாட்சி.

“மத உணர்வைப் புண்படுத்திவிட்டாய், உள்ளே தள்ளிவிடுவோம்” என்று மிரட்டுவார்கள். பழைய இ.பி.கோ. 295-ஏ, 1927இல் வந்தது. 2024 ஜூலை முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு ஒரு மதத்தையோ மத நம்பிக்கையையோ இழிவுபடுத்தினால்தான் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது. அரசின் முன்அனுமதி இல்லாமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவும் முடியாது. அரிசி மூட்டை எங்கே போனது என்று கேட்பது மத நிந்தனை ஆகாது. நம்பிக்கையைக் கிண்டல் செய்யும் ஒரு வரிகூட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். கணக்கைப் பற்றி மட்டும் எழுதினால் நிற்க இடம் உண்டு.

அவதூறு, பிரிவு 356, கொஞ்சம் தொல்லை. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து மன்னிப்புக் கடிதம் எழுதிவிடாதீர்கள். நோட்டீஸ் வழக்கு ஆகாது.

இப்போது உங்கள் கையில் இருப்பது. “தாள்கள் பத்திரமாக இருக்கின்றன” என்பது பிரிவு 351இன் கீழ் வரும் மிரட்டலாகலாம். உடலுக்கு மட்டுமில்லை, நற்பெயருக்குத் தீங்கு செய்வதாக மிரட்டினாலும் அந்தப் பிரிவுதான். சிக்கல் என்னவென்றால், சாதாரண மிரட்டலில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதுக்காகவே போங்கள். பின்தொடர்தல், வீடு புகுதல் என்று நாளைக்கு ஏதாவது நடந்தால், கோபம் இன்று தொடங்கவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

அழைப்பு கோவை எண்ணிலிருந்து, வீடு கேரளத்தில் என்றால் “அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்” என்று எல்லையான வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பந்தாடுவார்கள். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமாக இருந்தால், அது எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதியலாம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173.

ஒதுக்கிவைப்பதற்கு நேரடி மருந்து இல்லை. பம்பாய் மாகாணம் 1949இல் சமூக விலக்கைத் தடைசெய்து சட்டம் போட்டது. தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் தலைமை தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற கேள்வி 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரம் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராகத் தனிச்சட்டம் இயற்றியது. அதை இங்கே காட்டி வழக்குப் போட முடியாது.

தாள்களைத் திரும்பக் கேட்க 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது மின்னணுத் தரவுக்கு மட்டும்தான். கைப்பட எழுதிய தாள் அலமாரியில் இருக்கும்வரை அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது; ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினால் அதற்குள் வரும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கடமைகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன. இப்போதைக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

அடியேன்

இந்த இழையை நாங்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சகோதரி மனம் நொந்திருக்கிறார், அவ்வளவே. அவரது குடும்பத்தின் மீது எங்களுக்கு இன்றும் அன்பு உண்டு. பெண் குழந்தைக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறோம். பேசித் தீர்க்க வேண்டியதைப் பொதுவில் போட்டு, அந்தக் குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

குமாஸ்தா

கரும்பனை, மேலே உள்ள பதிவை இந்த நிமிடமே முழுத்திரையாகப் படம் எடுங்கள்; தேதி, நேரம், முகவரி எல்லாம் தெரியும்படி. செல்பேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்க புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். மூலக்கருவி கையில் இருந்தால் வேலை எளிது.

நெறியாளர்

‘அடியேன்’ கணக்கு இடைநிறுத்தப்பட்டது. பதிவை நீக்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறேன். சட்டப்படி போலீசோ நீதிமன்றமோ கேட்டால் மட்டுமே அந்தக் கணக்கின் விவரம் தரப்படும். கரும்பனையின் விவரத்துக்கும் அதே விதிதான்.

மூன்றாம்கண்

நேரம் வீணடிக்கிறீர்கள். யார் என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெரியவரின் எண், வீடு, பிள்ளைகள் வேலை பார்க்கும் இடம் எல்லாம் எடுத்து நாமும் போடுவோம். அவர்கள் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பட்டியலும் என்னிடம் இருக்கிறது.

கொழிஞ்சி

வேண்டாம். அந்தப் பட்டியலில் என் சித்தி மாதிரி எத்தனை பேர் இருப்பார்கள்? வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறவர்கள். 2023 அக்டோபர் 29 அன்று கொச்சி அருகே களமசேரியில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடியிருந்த அரங்கில் குண்டு வெடித்துச் செத்தவர்கள் எந்த நிர்வாகத்திலும் இல்லை. ஜெபம் செய்ய வந்தவர்கள், அதில் குழந்தையும் உண்டு. பொறுப்பேற்றுச் சரணடைந்தவர், தானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் இருந்தவன், அவர்களுடைய போதனை பிடிக்கவில்லை என்று காணொளியில் சொன்னார். விமர்சனம் என்ற பெயரில் பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பெரியவரின் பச்சை மைதான் நினைவுக்கு வருகிறது.

நெறியாளர்

மூன்றாம்கண்ணுக்கு எச்சரிக்கை. பட்டியல் இங்கே வந்தால் கணக்கு இருக்காது.

சிற்றூர்ப்பிள்ளை

கொழிஞ்சி அம்மா சொன்னதைப் படித்தேன். இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது: ஊரில் எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. இனி அந்தப் புனைபெயர் யாருக்கு?

தறிக்காரன்

அது நியாயமான கேள்வி. என் பதில்: இப்போது அக்கா இருக்கும் இடம்தான் இருப்பதிலேயே மோசமானது. எதிராளிக்கு அவர் யார் என்று தெரியும், உதவக்கூடியவர்களுக்குத் தெரியாது. ஒன்று முழுவதும் மறைய வேண்டும்; அந்த வாய்ப்பு போய்விட்டது. இல்லை என்றால், நம்பத்தக்க நாலைந்து பேருக்காவது தானே பெயரைச் சொல்லிவிட வேண்டும்: ஒரு வக்கீல், ஒரு வார்டு உறுப்பினர், அந்தத் தெருவில் அமைப்போடு சம்பந்தமில்லாத இரண்டு வீடுகள். வெளியே வந்தவர்கள் இன்னும் இருவர் கிடைத்தால் மூவருமாகச் சேர்ந்து கையெழுத்திட்டுக் கணக்குக் கேட்கலாம். நகரியில் எங்களுக்குப் பாவு திரும்பக் கிடைத்தது அப்படித்தான். ஒருவன் கேட்டபோது திமிர் என்றார்கள். ஒரு தெருவே கேட்டபோது “கொஞ்சம் தாமதமாகிவிட்டது” என்றார்கள்.

வருமானத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். தையலுக்கு எல்லை தாண்டி ஆர்டர் பிடிக்க முடியுமா?

ஈயப்பற்று

பொள்ளாச்சியில் என் கடைக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார். தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். அக்கா தன் பழைய எண்ணிலிருந்து கூப்பிட வேண்டாம்.

கரும்பனை

எல்லோருக்கும் நன்றி. அக்கா மகளிடம் சொல்லிவிட்டார். அவள் “அந்தச் சம்பந்தம் போனதே நல்லது” என்றாள். மாமா இன்னும் பேசவில்லை. கூகுள் கணக்கில் மீட்பு மின்னஞ்சல் உண்மையிலேயே வேறொருவருடையதாக இருந்தது. படம் எடுத்துவிட்டு மாற்றிவிட்டோம். வெற்றுத்தாள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்கிறார்.

இன்று காலை காவல் நிலையத்துக்குப் போனோம். மனுவைத் தமிழில் எழுதியிருந்தோம். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

குமாஸ்தா

மாற்றி எழுதாதீர்கள், அக்காவின் சொல் அக்காவின் மொழியிலேயே இருக்கட்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். சித்தூர் வட்டத்தில் இதைச் சொல்லித்தான் நாங்கள் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சட்டத்தின் பெயரை மனுவின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். வேண்டுமானால் மலையாளப் பெயர்ப்பை இணைப்பாக வையுங்கள். கையெழுத்து தமிழ் மனுவில் மட்டும்.

கரும்பனை

வாங்கிக்கொண்டார்கள் அண்ணா. ரசீதும் கொடுத்தார்கள். சரியான ரசீதுதானா என்று பார்த்துச் சொல்ல, படம் எடுத்து இங்கே போடட்டுமா?

குமாஸ்தா

இங்கே போடாதீர்கள் தம்பி. அதில் அக்காவின் பெயர், முகவரி, செல்பேசி எண் மூன்றும் இருக்கும். நாளை அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவாருங்கள். பத்து மணிக்குமேல் வக்கீல் இருப்பார்.